ஃபேன் மாட்டாத கொக்கி

எங்கள் மணலூத்தில் பூப் பறிக்கிறவர்கள் தூங்குவதில்லை, பூ வாங்குகிறவர்கள் தூங்குவதில்லை, பூவை மூட்டை கட்டி மதுரைக்கு வண்டி ஏற்றுகிறவர்களும் தூங்குவதில்லை, ஏனென்றால் மல்லிகை மொட்டு விடிவதற்கு முன்னால் செடியை விட்டு இறங்கியாக வேண்டும், கொஞ்சம் அசந்தால் வாயைப் பிளந்துவிடும், வாய் பிளந்த மல்லிகையை எந்தக் கமிஷன் கடைக்காரரும் திரும்பிப் பார்க்க மாட்டார். பகலில் தூங்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பகலில் சமையல் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, கல்யாணமும் கருமாதியும் இருக்கின்றன. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் பேச்சின் நடுவில் கண்ணயர்ந்து, மிச்சப் பேச்சைக் கண் விழித்ததும் தொடருவார்கள். பஸ்ஸில் நின்றபடியே ஒருவர் குறட்டை விட்டால் மணலூத்துக்கு டிக்கெட் எடுத்தவர் என்று கண்டக்டருக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் பூ வண்டி ஓட்டுகிற ஜெயவேல் தன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கான்கிரீட் வீடு கட்டினான். தளம் போட்ட அன்றைக்குக் கொத்தனார் மேலே நின்றுகொண்டு, நடு அறைக்குக் கொக்கி ஒன்றா இரண்டா என்று கேட்டார். ஜெயவேலின் அம்மா பவுன்தாய் கீழே நின்று, "ஒண்ணு போதும்யா, அது தொட்டிலுக்கு. ரெண்டு விட்டா எதுல தொட்டில் கட்டப் போறாங்கன்னு சாமியே குழம்பிப் போகும்" என்றாள். அப்போது ஃபேன் எங்கே மாட்டுவது என்று கொத்தனார் கேட்டதற்கு, பிள்ளை வந்து தொட்டிலை விட்டு இறங்கிய பிறகு அதே கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. தொட்டில் கொக்கியில் பிள்ளைக்கு முன்னால் வேறு எதையாவது தொங்கவிட்டால் பிள்ளை வராது என்பது பவுன்தாயின் சட்டம். அந்தச் சட்டத்தை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவளே கொஞ்சம் யோசிப்பாள், ஆனால் மாற்ற மாட்டாள்.

அந்த வீட்டுக்குத் தமயந்தி மருமகளாக வந்து பதின்மூன்று கோடைகள் போயின. எங்கள் பக்கத்துக் கோடை என்பது சுவரைத் தொட்டால் கை சுடுகிற கோடை. ஒரு டேபிள் ஃபேன் மட்டும் மூலையில் நின்று ஜெயவேலுக்குக் கொஞ்சம், தமயந்திக்குக் கொஞ்சம் என்று முகத்தைத் திருப்பித் திருப்பி வீசும். அது தன் பக்கம் திரும்புகிற வரைக்கும் தமயந்தி மல்லாந்து படுத்து அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பீரோவின் கீழ்த்தட்டில் பவுன்தாயின் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்று தூளி கட்டுவதற்கென்றே துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது, அதை எடுத்து உதறி, வெயிலில் காட்டி, மறுபடியும் மடித்து வைப்பார்கள்.

அவள் பட்டதை எல்லாம் சொன்னால் பக்கம் போதாது. கோயிலில் மண்சோறு சாப்பிட்டாள், மலைக்கு முழங்காலிட்டு ஏறினாள், யாரோ சொன்னார்கள் என்று வேப்பங்கொழுந்தை வெறும் வயிற்றில் தின்று வாந்தி எடுத்தாள். ஊரில் பெயர் வைக்கிற வீடுகளில் பிள்ளையை மடி மாற்றி மடி மாற்றிக் கொஞ்சிக்கொண்டு வருவார்கள், தமயந்தி உட்கார்ந்திருக்கிற இடம் வந்ததும் யாருக்காவது பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் என்பது ஞாபகத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவள் வயிற்றில் அவளே போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து ஃபிரிட்ஜ் கதவில், மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு தடவை கரு வைத்தார்கள், இரண்டு தடவையும் தங்கவில்லை. மூன்றாவதற்கு ஆவணியில் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதியை நினைக்கும்போதெல்லாம் தமயந்திக்குப் போதும் என்று சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அத்தை உடைந்துவிடுவாள், புருஷன் உடைந்துவிடுவான், பதின்மூன்று வருடமும் வீணாகிவிடும் என்று அவள் அந்த வார்த்தையை விழுங்கி விழுங்கிச் சாப்பாட்டுக்கே இடமில்லாமல் போயிற்று.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், காற்று ஊரைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சுங்குடிச் சேலை பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து வெளியே வந்து, கொக்கியில் ஏறி, தன்னைத் தானே தூளியாகக் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. பீரோ பூட்டியபடியே இருந்தது. சாவி பவுன்தாயின் இடுப்பில் இருந்தது.

"ஏத்தா, யாரு கட்டுனது இது?" என்று பவுன்தாய் கேட்டாள்.

"யாரும் கட்டல அத்தை. தானா ஏறி மாட்டிருக்கு."

"மாட்டுனா மாட்டிட்டுப் போகுது. வெறுந்தொட்டிலு ஆடுது பாரு! வெறுந்தொட்டிலு ஆடுனா வீட்டுக்கு ஆகாதுத்தா. எதையாச்சும் தூக்கி உள்ள போடு, சீக்கிரம்!"

சேலை எப்படி வந்தது என்று அந்த வீட்டில் யாரும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. வெறும் தொட்டில் ஆடக் கூடாது என்பதுதான் அப்போதைக்குப் பெரிய கவலையாக இருந்தது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள், அவிழவில்லை. பிடித்து நிறுத்திப் பார்த்தார்கள், விட்டதும் ஆடியது. பெயர் வைக்கிற வீட்டில் பிள்ளைக்கு முன்னால் தொட்டிலில் அம்மிக் குழவியைப் போடுவது வழக்கம்தானே என்று தமயந்தி குழவியைத் தூக்கி வந்து கிடத்தினாள். தூளி உடனே நின்றது. அவள் லேசாக ஆட்டிவிட்டாள், குழவியோடு சேர்ந்து அது மெதுவாக அசைந்தது.

மறுநாள் மிளகாய் அரைக்கக் குழவி வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து வண்டி வாடகை பேசக் கமிஷன் கடைத் தவசி வந்தார். நல்ல கனத்த உடம்பு, கனத்த மீசை, ஏலத்தில் அவர் தொண்டையைத் திறந்தால் பக்கத்துக் கடைத் தராசு ஆடும். பவுன்தாய் அவரிடம், "தவசி, செத்த இதுல உக்காருப்பா, குழவிய எடுத்துட்டுப் போயி ஒரு கை அரைச்சிட்டு வந்துர்றேன். வெறுந்தொட்டிலு ஆடக்கூடாது" என்றாள். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சேலை அவர் கால்களை மடித்து, மீசையை மூடி, மொத்த ஆளையும் உள்ளே வாங்கிக்கொண்டது. தமயந்தி ஒரு கையால் தூளியை அடியில் தாங்கிப் பார்த்தாள், பிறந்த பிள்ளையின் கனம். மூன்று கிலோதான் இருந்தது. தவசி அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் தூங்கினார். எழுந்ததும் கொஞ்ச நேரம் காரணமில்லாமல் அழுதார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், வாடகையைப் பற்றிப் பேசாமலே வீட்டுக்குப் போனார்.

தூக்கம் கெட்ட ஊரில் இப்படி ஒரு சேதி எவ்வளவு நேரம் நடந்துபோகும்? ஓடியே போயிற்று. மறுநாள் வாசலில் செருப்புகள் குவிந்தன. பூப் பறிக்கிற பெண்கள் வந்தார்கள், லோடுமேன்கள் வந்தார்கள், பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் வந்தார், பேங்க்கில் இருந்து மேனேஜர் வந்து வெளியூர்க்காரருக்கு உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். யார் படுத்தாலும் தூளி அவர்களை வாங்கிக்கொண்டது, யார் படுத்தாலும் மூன்று கிலோதான். மகளிர் குழு டோக்கன் போட்டது. செல்போனை வெளியே வைக்க வேண்டும், குடித்துவிட்டு வந்தால் அனுமதி கிடையாது, எழுந்து அழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று விதிகள் வந்தன. யாராவது பூச்சரம் வைத்துவிட்டுப் போனார்கள், யாராவது முருங்கைக்காய், யாராவது தேங்காய். ஊரில் சண்டை குறைந்தது, மாமனும் மச்சானும் பேசிக்கொண்டார்கள், தராசில் விரல் வைக்கிற பழக்கம்கூடக் கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னார்கள், அதை மட்டும் நான் நம்பவில்லை. ஆள் இல்லாவிட்டால் தூளி தானாக ஆடும், ஆள் படுத்துவிட்டால் நின்றுவிடும், தமயந்தி ஆட்டினால் ஆடும். அவள் கை நின்றால் படுத்திருப்பவர் முழித்துக்கொள்வார். வேறு யாராவது ஆட்டினால் ஆடுமா என்று யாரும் பார்க்கவில்லை. அது அவள் வீட்டுத் தொட்டில், அவள் ஆட்டுகிறாள், அவ்வளவுதான்.

அவளுக்கு ஆரம்பத்தில் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மூன்று கிலோ கையில் அசைகிறபோது அவளுக்கு மார்பு முழுக்க நிறைந்தது. சேலைக்குள்ளிருந்து வருகிற அந்த இளஞ்சூடும், தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டுகிற சத்தமும் அவள் பதின்மூன்று வருடமாக வேண்டிக் கேட்டவைதான். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுவாள். கண்ணைத் திறக்கும்போது உள்ளேயிருந்து லோடுமேன் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கி, லுங்கியைச் சரிசெய்து, "வர்றேன் மதினி" என்று போய்விடுவார். அடுத்த ஆள் ஏறும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் மடி நிறைந்து எத்தனை தடவை காலியாகும்! மாலையில் விரல்கள் வீங்கியிருக்கும், கண் எரியும், ஆனால் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. பக்கத்தில் தூளி வெறுமனே ஆடிவிடக் கூடாதே என்று பவுன்தாய் குழவியைக் கிடத்துவாள், குழவியையும் ஆட்ட வேண்டும்.

எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு, நன்றி வந்துவிட்டால் வாய் நிற்காது. "ஒனக்கு எதுக்குத்தா தனியா ஒரு பிள்ளை? ஊரே ஒம் பிள்ளைதானே" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாம் அதையே சொன்னார்கள், பெருமைப்படுத்துகிறோம் என்றே நினைத்துச் சொன்னார்கள். தமயந்தி சிரித்துவைத்தாள். கடைசியில் தவசி தலைமையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தமயந்தியின் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, பக்கத்தில் எங்கிருந்தோ எடுத்த வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரிக்க, 'ஊரையே தாலாட்டும் அன்னையே' என்று போட்டு, கீழே டோக்கன் எண் வரிசையில் எல்லாருடைய தலைகளையும் அச்சடித்திருந்தார்கள்.

அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு அவள் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். ஆவணி முகூர்த்தம் என்பதால் பூ விலை எகிறி, ஊர் மொத்தமும் மார்க்கெட்டில் கிடந்தது, ஒரு டோக்கனும் வரவில்லை. ஜெயவேல் லோடோடு மதுரைக்குப் போயிருந்தான். நடு அறையில் தூளி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று குழவி கழுவி வெயிலில் கிடந்து கொதித்தது, தொட முடியவில்லை. பவுன்தாய் அறைக்கும் வாசலுக்குமாக அல்லாடினாள்.

"ஒரு ஈ காக்காகூடத் தெருவுல இல்ல. நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போறப்ப வெறுந்தொட்டிலு இப்பிடி ஆடலாமா? என்னத்தா செய்றது?"

"நீங்க படுங்க அத்தை."

"நானா? கட்டையில போற வயசுல தொட்டில்லயா? போத்தா."

தமயந்தி பையைக் கீழே வைத்தாள். "அப்ப நான் படுக்கவா?"

பவுன்தாய் வாயைத் திறந்தாள். அதற்கு ஒரு சட்டம் இருக்கும் என்று தேடிப் பார்த்தாள். தொட்டிலைப் பற்றி எத்தனையோ சட்டங்கள் அவளிடம் இருந்தன, ஆட்டுகிறவள் படுக்கலாமா கூடாதா என்பதற்கு மட்டும் ஒன்றுமில்லை. ஊர் முழுக்க அந்தச் சேலைக்குள் இறங்கி ஏறியிருக்கிறது, இவள் தூங்கினாளா என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"தூக்கம் வருதாத்தா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்குத் தமயந்தி உடைந்துவிட்டாள். "எனக்குப் போதும் அத்தை. ஊசி போதும். நாளைக்கு நான் வரல. திரும்பத் திரும்ப வயித்துல கொண்டுபோயி வச்சி, திரும்பத் திரும்ப அது போறத என்னால பாக்க முடியல. ஊரே ஒம் பிள்ளைங்கறாங்க. எனக்கு எதுக்கு ஊரு? மீச வச்ச பிள்ளைக எனக்கு எதுக்கு? ஒண்ணே ஒண்ணு கேட்டேன். வரல. வரலைன்னா வரல, விடுங்க. நான் தூங்கணும்."

சொல்லி முடித்ததும் பவுன்தாய் உடைந்துவிடுவாள் என்றுதான் அவள் காத்திருந்தாள். பவுன்தாய் சேலையின் ஓரத்தை விரித்துப் பிடித்தாள்.

"ஏறிப் படுத்துக்கத்தா" என்றாள்.

சேலை தமயந்தியின் காலை மடித்து, கூந்தலைச் சேர்த்து, ஆளையே உள்ளே வாங்கிக்கொண்டது. பவுன்தாய் தயங்கித் தயங்கிக் கையை வைத்தாள். மூன்று கிலோதான் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அரிசி மூட்டை தூக்கியவள், முழங்காலில் மலை ஏறியவள், இவ்வளவுதானா என்று பவுன்தாய் நினைத்தாள். ஆட்டினாள். தூளி அவள் கைக்கும் ஆடியது. தாலாட்டுப் பாட அவளுக்குத் தெரியாது, ஜெயவேலைப் பெற்றதும் வரப்பில் தூளி கட்டிவிட்டுப் பூப் பறிக்க இறங்கியவள் அவள். தெரிந்ததைச் சொன்னாள், மல்லி, முல்லை, பிச்சி, காக்கட்டான், சம்பங்கி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து, அப்புறம் மறுபடியும் மல்லி, முல்லை, பிச்சி. காக்கட்டான் வருவதற்குள் தமயந்தி தூங்கிப்போனாள்.

சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்கள் டோக்கனோடு வந்தார்கள். பவுன்தாய் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் கதவைப் பாதி சாத்தினாள். "எம் மருமக தூங்குறா. அங்கிட்டுப் போங்க எல்லாரும்." தவசி, தன் முறை இன்றைக்கு என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ஒம் முறையெல்லாம் முடிஞ்சுச்சு தவசி. மொதல்ல போயி அந்தப் போர்டை எறக்கு" என்று பதில் வந்தது. தவசி டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

ஜெயவேல் வந்து அறை வாசலில் நின்றான். அம்மா ஆட்டுவதையும், சேலையின் ஓரத்தில் தமயந்தியின் ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிருடா" என்றாள் பவுன்தாய். "அவளுக்குப் போதுமாம்."

அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். "எனக்கும் எப்பவோ போதும்மா. அவ மனசு ஒடஞ்சிரும்னு நான் வாயத் தொறக்கல. நீயும் ஆசையா இருக்கியேன்னு..."

"நான் ஒங்க ரெண்டு பேருக்காகத்தானடா கேட்டுக்கிட்டே கெடந்தேன். நிறுத்திட்டா நான் ஒதுக்கிட்டேன்னு அவ நெனச்சிருவாளோன்னு" என்றாள் பவுன்தாய். மூன்று பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் அந்த மலையை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், மூன்று பேருக்கும் முழங்கால் தேய்ந்திருந்தது. ஜெயவேல் அழுதான், அழுகையின் நடுவில் சிரிப்பும் வந்தது, பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு, "நீ நகரும்மா, நான் ஆட்டுறேன்" என்றான். அவன் கைக்கும் தூளி ஆடியது.

தமயந்தி மறுநாள் மத்தியானம்தான் கண் விழித்தாள். எழுந்தவள் அழவில்லை. "பசிக்குது அத்தை" என்றாள். தோசைக்கு மேல் தோசையாகச் சாப்பிட்டாள், பவுன்தாய் எண்ணவில்லை. அப்பாடா என்று இருந்தது தமயந்திக்கு, இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, இப்போது சொன்னாள், கை கழுவும்போது ஒரு தடவை, ஃபிரிட்ஜைத் திறந்து ஊசி மருந்துகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த இடத்துக்கு மோர்ப் பாத்திரத்தை நகர்த்தும்போது ஒரு தடவை. அவள் திரும்பி வந்து பார்த்தபோது தூளியின் முடிச்சு அவிழ்ந்து, சுங்குடிச் சேலை வெறும் சேலையாகக் கொக்கியிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது. துவைத்துக் காயப்போட்டாள். காய்ந்ததும் மடித்து பீரோவில் வைக்காமல், அன்றைக்கே உடுத்திக்கொண்டாள்.

பிள்ளை ஆசை போய்விட்டதா என்றால், போகவில்லை. சில மத்தியானங்களில் அவள் வலது கை தானாகக் காற்றில் முன்னும் பின்னும் அசையும். அவள் அதைத் தடுப்பதில்லை, கொஞ்ச நேரம் அசைந்துவிட்டு அதுவே நின்றுவிடும். ஆனால் அந்த ஆசைக்குப் பின்னால் இனி ஓட வேண்டியதில்லை, அதுவும் வீட்டில் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஊர் சில நாள் முணுமுணுத்தது, சில நாள் கொட்டாவி விட்டது, பிறகு பழையபடி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகிக்கொண்டது. ஃப்ளெக்ஸைத் தவசி இறக்கி, மழைக்குத் தன் பூ மூட்டைகளின் மேல் போர்த்திவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பவுன்தாய் யாரிடமும் சொல்லாமல் வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறிப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது, பின்னாலேயே ஒரு எலக்ட்ரீசியனும் வந்தார். அந்த ஆள் ஸ்டூலில் ஏறிக் கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

"தாங்குமாய்யா?" என்று பவுன்தாய் கேட்டாள்.

"யானை தாங்கும்மா. இத்தன வருசமா ஏன் சும்மா விட்டு வச்சிருந்தீங்க?"

பவுன்தாய் அட்டைப் பெட்டியைப் பிரித்து நீட்டினாள். ஃபேன் முதலில் முனகியது, பிறகு சுற்றியது. பதின்மூன்று வருடத்துக் காற்று ஒரே நேரத்தில் கீழே இறங்கியது போல் அறையில் இருந்த காலண்டரும் திரைச்சீலையும் படபடத்தன. தமயந்தி அதற்கு நேர் கீழே பாயை விரித்து மல்லாந்து படுத்தாள். இந்தத் தடவை காற்று தன் பக்கம் திரும்பும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, தாய் வீட்டுக்கு வந்தவள், வழக்கம் போல எட்டிப் பார்த்து, வழக்கம் போலக் குரலைத் தாழ்த்தி, "என்ன பெரியம்மா, ஒம் மருமகளுக்கு ஏதும் உண்டா?" என்று கேட்டாள்.

உள்ளே பாயில் படுத்திருந்த தமயந்திக்கும் அது கேட்டது.

"இல்லத்தா. இனிமேயும் இருக்காது" என்றாள் பவுன்தாய், குரலைத் தாழ்த்தாமல். "ஃபேன் மாட்டிருக்கோம். உள்ள வந்து உக்காரு. சத்தம் போடாத, அவ தூங்குறா."

தமயந்தி தூங்கவில்லை. ஆனால் அத்தை சொன்னதைப் பொய்யாக்க வேண்டாம் என்று எழுந்து ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு, திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.